இரவல் உறுப்புகள்: செய்நிரல் மொழிகளும் பிறர் வலைச் சேவைகளும்

மொழி எதுவாயினும் அதனைக் கையாள்வோர்க்கு அது வழங்கும் அடிப்படை உறுதி ஒன்றே. இன்று எழுதப்படும் வாக்கியம் நாளையும் அதே பொருளைத் தரும் என்பதே அது. இயற்கை மொழிகள் இவ்வுறுதியை நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல மீறி வந்துள்ளன. அம்மீறல்களின் கதையே மொழி வரலாறு எனப் பயிலப்படுகின்றது. கணனிக்கென ஆக்கப்பட்ட செய்நிரல் மொழிகளோ அத்தகைய சலுகையைக் கோர உரிமையற்றவை. அவை பிறந்த ஆண்டும் பெற்றோர் பெயரும் அறியப்பட்டவை. அவற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் இன்னதென எழுதி வைக்கப்பட்டுள்ளது. 1957 இல் ஐ.பீ.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் தலைமையிலான குழு வெளியிட்ட மொழி போட்றான். அம்மொழியின் போட்றான் 77 எனப்படும் நியமத்துக்கமைய எழுதப்பட்ட நிரல்களை இன்றைய தொகுப்பான்களும் ஏற்றுக்கொள்கின்றன. எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். எழுதப்பட்ட பொறி அருங்காட்சியகத்தில் இருக்கும். நிரல் இன்னும் இயங்குகின்றது. ஆக்கப்பட்ட மொழியிடம் எதிர்பார்க்கத்தக்க நேர்மை இதுவே.

இந்நேர்மை கடந்த இருபது ஆண்டுகளுக்குள் ஓசையின்றிக் குலைக்கப்பட்டுள்ளது. குலைத்தவர்கள் பெரும்பாலும் மொழியாக்குநர்களே. முக்கோணமொன்றின் கோணத்துக்குச் சைன் பெறுமானம் காணும் சார்பும், பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தும் சார்பும் மொழியின் சொந்த உறுப்புகள். அவை இயங்குவதற்கு வேண்டிய யாவும் பயன்படுத்துவோரின் கணனிக்குள்ளேயே உள்ளன. ஆனால் அவற்றோடு ஒரே அகராதியில், ஒரே தோற்றத்தில், வேறொரு வகைச் சார்புகளும் இடம்பெறத் தொடங்கின. நகரமொன்றின் சனத்தொகையைக் கேட்டாலோ, ஒரு வசனத்தை மொழிபெயர்க்குமாறு கூறினாலோ, அச்சார்பு இணையத்தின் வழியே எங்கோ உள்ள இன்னொரு நிறுவனத்தின் பொறிக்கு வேண்டுகோள் அனுப்பி, அது தரும் விடையைத் தன் விடை போல ஒப்புவிக்கின்றது. அப்பொறியும் அதிலுள்ள தரவும், யார் எவ்வளவு கேட்கலாம் என்ற விதிகளும் மொழியாக்குநருடையவை அல்ல. வலைச் சேவை எனப்படுவது இதுவே. அதன் உரிமையாளர் நாளை முகவரியை மாற்றலாம், விடையின் வடிவத்தை மாற்றலாம், அனுமதிச் சாவி கேட்கலாம், கட்டணம் விதிக்கலாம், கடையை முற்றாக மூடலாம். இவற்றுள் எதனைச் செய்தாலும் அவர் நிரலெழுதுவோனுக்குக் கொடுத்த வாக்கை மீறியவராகார். ஏனெனில் அவனுக்கு அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் மொழியாக்குநர். அதனைக் காக்கும் ஆற்றலுடையவர் வேறொருவர். சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

இதனைத் தெளிவுபடுத்த எவ்-ஷார்ப் மொழியின் அனுபவத்தினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. டொன் சைம் என்பவரை முதன்மை ஆக்குநராகக் கொண்டு, மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் கேம்பிறிட்ஜ் ஆய்வுகூடத்தில் உருவான மொழி அது. 2012 இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு 'வகை வழங்கி' என்னும் புதிய பொறிமுறையொன்றை அறிமுகஞ் செய்தது. செய்நிரல் மொழிகளில் 'வகை' என்பது இலக்கணத்தில் திணை, பால் போன்றது: எப்பொருளோடு எவ்வினை சேரலாம் என்பதை வரையறுப்பது. 'மரம் நடந்தான்' என்பது வழு என இலக்கணம் கூறுவது போல, எண்ணுக்குரிய இடத்தில் பெயரை வைத்தால் அது வழு எனத் தொகுப்பான் கூறும். நிரல் இயங்கும் முன்னரே கூறும். வகை வழங்கி செய்த புதுமை யாதெனில், அவ்வகைகளை நிரலெழுதுவோர் கைப்பட எழுதாமல், வெளியிலுள்ள தரவு மூலத்திடமே கேட்டறிந்து கொள்வதாகும்.

இதன் ஆற்றலைக் காட்டப் பரவலாகக் கையாளப்பட்ட எடுத்துக்காட்டு பிரீபேஸ். மெற்றாவெப் என்ற நிறுவனம் தொடக்கி, 2010 இல் கூகிள் விலைக்கு வாங்கிய திறந்த அறிவுத் தரவுத்தளம் அது. நிரலெழுதுவோர் ஒரு சொல்லை எழுதிப் புள்ளியொன்றை இட்டால் போதும். விஞ்ஞானம், கலை, விளையாட்டு என்று பிரீபேசின் துறைகள் திரையில் பட்டியலாக விரியும். விஞ்ஞானத்தைத் தெரிந்து மீண்டும் புள்ளியிட்டால் இரசாயனம் வரும், பின் மூலகங்கள், பின் ஒவ்வொரு மூலகத்தின் அணுவெண்ணும் கண்டறிந்தோர் பெயரும். எழுத்துப்பிழை விட இடமில்லை. உலக அறிவு முழுவதும் ஒரு மொழியின் இலக்கணத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டது போன்ற தோற்றம். அரங்கத்திலிருந்தோர் வியந்தமைக்குக் காரணம் உண்டு. அது உண்மையிலேயே அழகிய பொறிமுறை.

2014 டிசெம்பரில் கூகிள் பிரீபேசை மூடப்போவதாக அறிவித்தது. 2015 மார்ச் 31 ஆந் திகதியுடன் அது வாசிக்க மட்டும் உரியதாயிற்று. 2016 இல் அதன் வலைச் சேவை நிறுத்தப்பட்டது. அன்று நடந்ததைச் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். சாதாரண நிரலொன்று வெளிச் சேவை நின்றதும் இயங்கும்போது தடுமாறும். 'விடை கிடைக்கவில்லை' என்று கூறும். அதன் எஞ்சிய பகுதியை வாசிக்கலாம், திருத்தலாம், தொகுக்கலாம். பிரீபேசை நம்பி எழுதப்பட்ட நிரலோ தொகுக்கப்படவே மறுத்தது. வகைகளை வழங்க வேண்டிய மூலமே இல்லாதபோது மூலகம் என்ற சொல்லுக்கும் அணுவெண் என்ற சொல்லுக்கும் இலக்கணத்தில் இடமில்லாமற் போயிற்று. முதல்நாள் வரை இலக்கணச் சுத்தமாயிருந்த வாக்கியம், ஓரெழுத்தும் மாறாமலே, மறுநாள் இலக்கணப் பிழையாயிற்று. எழுத்துப்பிழையைத் தடுக்கவென வந்த பொறிமுறை முழு நிரலையும் பிழையாக்கியது. உலகின் மறுகோடியில் ஒரு வணிக நிறுவனம் எடுத்த முடிவு ஒரு மொழியின் இலக்கணத்தைத் திருத்தியமைக்கலாம் என்பது மொழி வரலாற்றுக்கே புதிய செய்தியாகும்.

எவ்-ஷார்ப் ஆக்குநர்களுக்கு ஒரு நியாயஞ் செய்தாக வேண்டும். அவர்கள் மொழிக்குள் வைத்தது பொறிமுறையை மட்டுமே. பிரீபேசுக்கான வழங்கி வெளியே நூலகமொன்றில் இருந்தது. எனவே அறுந்து வீழ்ந்தது நூலகத்தின் ஒரு கிளை, மொழி பிழைத்துக்கொண்டது. அதுமட்டுமன்று, அம்மொழியோடு வந்த வேறு சில வழங்கிகளில், சேவையின் வடிவ விவரணத்தை உள்ளூர்க் கோப்பொன்றில் சேமித்து வைத்து, ஒவ்வொரு முறையும் வெளியே ஓடாமல் அக்கோப்பைக் கொண்டே தொகுக்கும் வழியும் தரப்பட்டிருந்தது. ஆபத்தை அவர்கள் உணர்ந்திருந்தனர். உணர்ந்திருந்தும், மேடையில் காட்டப்பட்டது சேமித்த கோப்பு அன்று. விரிந்து செல்லும் பட்டியலே. கைதட்டல் வாங்குவதும் அதுவே.

மத்தமற்றிக்கா மொழியிடம் இவ்வளவு அடக்கமும் இருக்கவில்லை. 2012 இல் வெளிவந்த அதன் ஒன்பதாம் பதிப்பில், பேஸ்புக், ருவிற்றர் போன்ற சமூக வலைத்தளங்களிலிருந்து ஒருவரின் தொடர்புகளை நேரே எடுத்துத் தரும் சார்பு மொழியின் உள்ளுறுப்பாகவே சேர்க்கப்பட்டது. அகராதியில் அது தொகையீட்டுச் சார்புக்கும் அணிகளைப் பெருக்கும் சார்புக்கும் உடன்பிறப்பாக நின்றது. இவ்வுடன்பிறப்புகளுள் ஒன்று மட்டும் கலிபோர்னியாவிலுள்ள நிறுவனமொன்றின் தயவில் மூச்சு விடுகின்றது என்பதனை அதன் பெயரோ வடிவமோ காட்டவில்லை. 2014 ஏப்ரல் 30 ஆந் திகதி பேஸ்புக் தன் சேவையின் இரண்டாம் பதிப்பை அறிவித்தது. ஒருவர் அனுமதித்தால் அவருடைய நண்பர் எல்லோர் பற்றிய தகவலையும் எடுக்கலாம் என்ற பழைய விதி நீங்கி, அதே செயலியைத் தாமும் பயன்படுத்தும் நண்பர்களின் பட்டியல் மட்டுமே தரப்படும் என்றாயிற்று. பழைய பதிப்புக்கு ஓராண்டு தவணை. 2015 ஏப்ரல் 30 உடன் அதுவும் முடிந்தது. நண்பர் வலையமைப்பை வரைந்து அதன் கூட்டங்களை ஆராயும் நிரல்களுக்கு அத்துடன் உயிர் போயிற்று.

இவ்விடத்தில் பேஸ்புக் நிறுவனத்தைச் சாடுவது எளிது. ஆயின் அது பொருத்தமற்றது. அப்பழைய விதி அறமற்றது. தம்மிடம் எவரும் கேட்காமலே தம் விவரங்கள் நண்பர் ஒருவரின் சம்மதத்தால் அள்ளப்படுவதை அந்நண்பர்கள் அறியார். அந்த வாசலால் எடுக்கப்பட்ட தரவே கேம்பிறிட்ஜ் அனலிற்றிக்கா நிறுவனத்தின் கைக்குச் சென்றது என்பது 2018 மார்ச்சில் வெளிப்பட்டது. 8 கோடி 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் எனப் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. ஆகவே அவ்வாசலை மூடியது சரியான செயல். இன்னும் முன்னரே மூடியிருக்க வேண்டும் என்பதே விமர்சனமாக இருக்க முடியும். இதிலிருந்து பெறப்படுவது யாது? பிறர் சேவை மாறுவது ஒரு விபத்தன்று. அது மாற வேண்டிய கட்டாயம் சில வேளைகளில் அறத்தின்பாற்பட்டது. மாறியே தீரும் ஒன்றை மாறாதது போல உடுத்தி அகராதியில் ஏற்றியவர் எவரோ அவரே விடை சொல்ல வேண்டியவர்.

வொல்பிராம் நிறுவனம் இதிலிருந்து ஓரளவு பாடம் கற்றது எனலாம். 2014 இல் வந்த பத்தாம் பதிப்பு, வெளிச் சேவை ஒன்றனைப் பெயர் சொல்லி இணைத்துக்கொள்ளும் தனிச் சார்பு ஒன்றனைத் தந்தது. இன்ன சேவையோடு இணைகின்றேன் என்பது அதனால் நிரலிலேயே எழுத்தில் தெரியலாயிற்று. ஆனால் வரலாற்றின் கேலி அந்நிறுவனத்தையே மறுபக்கத்தில் நிறுத்தியது. 2020 இல் மைக்ரோசொப்ற் தன் எக்செல் விரிதாளில் வொல்பிராமின் அறிவுத் தரவைக் கலங்களுக்குள்ளேயே இருத்தும் வசதியைச் சேர்த்தது. கலமொன்றில் உணவுப் பண்டமொன்றின் பெயரை எழுதினால் அதன் போசணை விவரம் வரும். மூலகத்தின் பெயரை எழுதினால் அதன் இயல்புகள் வரும். விரிதாளைச் செய்நிரல் மொழி என ஏற்கத் தயங்குவோர் உளர். உலகில் மிகுதியானோர் எழுதும் செய்நிரல் அதன் சூத்திரமே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 2023 யூன் 11 ஆந் திகதியுடன் அவ்வசதி விலக்கப்பட்டது. மூன்றாண்டு கூட நிறையவில்லை. இரண்டும் சிறிய நிறுவனங்களல்ல. பணமின்மையாலோ ஆளின்மையாலோ நேர்ந்த முடிவு எனக் கூறவும் இடமில்லை. ஒப்பந்தங்கள் முடியும், அவ்வளவே. நான்காண்டுப் பட்டப்படிப்பொன்றின் முதலாண்டில் கற்ற சூத்திரம் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குள் செல்லாக்காசாகிவிடும் என்பதை மட்டும் கருதினாலே போதும்.

ருவிற்றரின் கதை அண்மையது. 2021 சனவரியில் கல்வி ஆய்வாளருக்கென்று விரிந்த அனுமதியொன்றை அது இலவசமாகத் திறந்துவிட்டது. சமூகவியல், அரசியல், மொழியியல் துறைகளில் எத்தனையோ ஆய்வுத் திட்டங்கள் அதனை நம்பி வகுக்கப்பட்டன. உடைமை கைமாறிய பின், 2023 பெப்ரவரியில் இலவச அனுமதி நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் வந்த புதிய திட்டத்தில், தரவை வாசிக்கத்தக்க மிகத் தாழ்ந்த படிக்கு மாதம் 100 டொலர். அன்றைய நாணயமாற்றில் அது 30,000 ரூபாவுக்கு மேல். மகாபொல உதவித்தொகை அக்காலத்தில் மாதம் 5000 ரூபா அளவில் இருந்தது. நிரலில் மாற்றம் ஒன்றுமில்லை, சார்பின் பெயரிலும் மாற்றமில்லை; அதனை உச்சரிக்கும் உரிமை மட்டும் சிலருக்கு இல்லாமற் போயிற்று. ஒரு மொழியின் சொல்லைப் பயன்படுத்த வாடகை கேட்கப்படுவது வழக்கமாகுமாயின், அம்மொழியில் எழுதப்பட்ட ஆய்வைச் சரிபார்க்கும் உரிமையும் வாடகை கட்டக்கூடிய பல்கலைக்கழகங்களுக்கே உரியதாகிவிடும்.

இத்தகைய வாதங்களுக்கு மறுமொழியாக வழமையாகக் கூறப்படுவது ஒன்றுண்டு. வெளிச் சேவை மாறினால் மாறட்டும்; மொழியாக்குநர் இடையில் தமது பொறியொன்றை நிறுத்தி, பழைய சேவை போனால் புதிய சேவையொன்றை அதனிடத்தில் பொருத்துவார்; பயன்படுத்துவோருக்கு எதுவுமே தெரியவராது என்பதே அது. பலரும் இதனைத் தீர்வு என்கின்றனர். உண்மையில் நோயின் மிகக் கொடிய வடிவம் இதுவே. சார்பு உடைந்து வீழ்ந்தால் உடைந்தது தெரியும். உடையாமல் உள்ளே ஆள் மாறினால் எவருக்குந் தெரியாது. 2016 நவெம்பரில் கூகிள் தன் மொழிபெயர்ப்புச் சேவையை, சொற்றொடர்ப் புள்ளிவிவரங்களைக் கொண்டு இயங்கிய முறையிலிருந்து நரம்பு வலையமைப்பு முறைக்கு மாற்றத் தொடங்கியது. 2017 ஏப்ரலில் தமிழும் அம்மாற்றத்துக்குள் வந்தது. மொழிபெயர்ப்பு பெரிதும் சீர்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயின் அச்சேவையை உள்ளே அழைக்கும் சார்பொன்றைக் கொண்டு, இயந்திர மொழிபெயர்ப்பில் தமிழ் வேற்றுமையுருபுகள் எவ்வாறு சிதைகின்றன என்று ஒரு மாணவர் அவ்வாண்டின் முற்பாதியில் அட்டவணை தயாரித்திருப்பாராயின், பிற்பாதியில் அதே நிரல் அதே வசனங்களுக்கு வேறு அட்டவணையைத் தந்திருக்கும். முகவரி மாறவில்லை, வடிவம் மாறவில்லை, வழுவறிக்கை எதுவும் இல்லை. மாறியது பொருள் மட்டுமே. இதனை ஆய்வேட்டை மதிப்பிடும் ஆசிரியர் எங்ஙனம் கண்டறிவார்? மாணவரின் கவனக்குறைவு என்றல்லவா எழுதுவார்?

தமிழிலக்கணத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என்ற பகுப்பு உண்டு. வழுவமைதி என்பது வழுவெனத் தெரிந்தே, காரணங் காட்டி ஏற்றுக்கொள்ளப்படுவது. உவப்பினால் பசுவை 'அம்மை வந்தாள்' என்பது வழுதான். ஆனால் அது ஏன் ஏற்கப்படுகின்றது என்பதை இலக்கணகாரர் வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றார். ஓசையின்றிச் சேவையை மாற்றிவைக்கும் மொழியாக்குநரோ வழுவை வழாநிலை எனக் காட்டுகின்றார். இலங்கையின் கணனிப் பாடநூல்களும் நிரலின் பிழையை வழு என்ற சொல்லாலேயே குறிப்பது இவ்விடத்தில் பொருத்தமாக அமைகின்றது.

தொடக்கநிலை மாணவருக்கு இத்தகைய வசதிகள் இன்றியமையாதவை என்பது இன்னொரு வாதம். சாவி பெறுவது, விதிகளை வாசிப்பது, வடிவத்தைப் பிரித்தெடுப்பது என்று முதல்நாளே சுமையேற்றினால் எவரும் கற்க வரார் என்பர். இதில் உண்மை உண்டு. ஆயின் இவ்வாதத்துக்கு விடை, சிறுவர்க்கென ஆக்கப்பட்ட ஸ்கிராச் மொழியிலேயே இருக்கின்றது. 2019 சனவரியில் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் மொழிபெயர்க்கும் கட்டைகளும் எழுத்தைப் பேச்சாக்கும் கட்டைகளும் உண்டு. முன்னது கூகிளின் சேவையால் இயங்குவது; பின்னது அமேசனின் சேவையால் இயங்குவது. ஆனால் அவை ஏனைய கட்டைகளோடு கலந்து வைக்கப்படவில்லை. 'நீட்சிகள்' எனத் தனிப் பக்கமொன்றுக்குச் சென்று, பிள்ளை தன் கையாலேயே அவற்றை எடுத்துச் சேர்க்க வேண்டும். அங்கு இணையம் வேண்டும் என்பதும் எந்நிறுவனத்தின் துணையோடு இயங்குகின்றது என்பதும் குறிக்கப்பட்டுள்ளன. எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்டப்படும் மரியாதை ஆய்வாளருக்குக் காட்டப்படவில்லை என்பது விந்தையே.

பிறர் சேவைகளை மொழிக்குள் சேர்க்கவே கூடாது என்பது இங்கு கோரிக்கையன்று. இரவல் இன்றி எம்மொழியும் வாழ்ந்ததில்லை. தொல்காப்பியர் எச்சவியலின் தொடக்கத்தில் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கின்றார். வெளியிலிருந்து வந்தவற்றை அவர் விலக்கவில்லை. ஆயின் இயற்சொல்லோடு பெயர் தெரியாமற் கலந்துவிடவுமில்லை. வந்த திசை சொல்லின் வகைப்பெயரிலேயே நிற்கின்றது. வடசொல்லுக்கு ஒரு படி மேலே சென்று, அதற்கேயுரிய எழுத்துகளை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருவதே ஏற்புடையது என நிபந்தனையும் விதிக்கின்றார். இறக்குமதிக்கு அடையாளமும் வேண்டும், உள்ளே வந்தபின் உள்ளூர் விதிக்குக் கட்டுப்படுதலும் வேண்டும் என்பதே அவர் எடுத்த நிலை. செய்நிரல் மொழிகளிடம் கேட்கப்படுவதும் இவ்விரண்டுக்கு மேற்பட்டதன்று.

இது நடைமுறைக்கு ஒவ்வாத இலக்கிய மாணவர் கனவு என எவரும் ஒதுக்கிவிட முடியாதவாறு, கொழும்பிலேயே ஆக்கப்பட்ட மொழியொன்று இதனைச் செய்து காட்டியுள்ளது. சஞ்சீவ வீரவரண 2005 இல் தொடக்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தில் உருவாகி, 2017 இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட பலெரீனா மொழியே அது. எக்ஸ்.எம்.எல். உருவாக்கத்தில் பெரும்பங்காற்றிய ஜேம்ஸ் கிளார்க் அதன் வடிவமைப்பில் முன்னின்றவர். 2019 இல் முதலாம் பதிப்பும், 2022 இல் 'சுவான் லேக்' எனப்படும் திருத்திய பதிப்பும் வந்தன. வலையமைப்போடு உரையாடுவதையே நோக்கமாகக் கொண்ட மொழி என்பதால், வெளிச் சேவையை அது ஒளித்து வைப்பதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அது ஒளிக்கவில்லை. தன் கணனிக்குள் நிகழும் அழைப்பைப் புள்ளியாலும், வெளியே வலையைக் கடந்து செல்லும் அழைப்பை அம்புக்குறியாலும் எழுதுமாறு அதன் இலக்கணம் பணிக்கின்றது. நிரலைப் புரட்டும் எவரும் அம்புக்குறிகளை எண்ணியே, இந்நிரல் எத்தனை இடங்களில் பிறர் வாசலில் நிற்கின்றது எனக் கூறிவிடலாம். திசைச்சொல்லுக்குத் திசை தெரிகின்றது.

அம்மொழியில் இன்னுமிரண்டு ஏற்பாடுகள் நோக்கற்பாலன. வெளியே சென்ற அழைப்பு விடையோடும் வரலாம், வழுவோடும் வரலாம் என்பது வகையிலேயே எழுதப்படும்; வந்த வழுவைப் பாராமுகமாக விட்டு அப்பாற் செல்ல மொழி இடமளிப்பதில்லை. மற்றையது அதன் 'திறந்த' பதிவுகள். சேவையொன்று பெயர், விலை என்ற இரு புலங்களைத் தரும் என எதிர்பார்த்த நிரலுக்கு நாளை நிறம் என்ற மூன்றாவது புலமும் சேர்ந்து வந்தால், நிரல் தடுமாறாமல் ஏற்கும். விலையே வராமற் போனாலோ வழு என உரத்துச் சொல்லும். மிகுதியைப் பொறுத்தல், குறையைப் பொறாமை என்ற இந்த அளவுகோல் முக்கியமானது. 1980 இல் இணைய நெறிமுறை வரையப்பட்ட காலத்திலேயே ஜோன் போஸ்ரெல், பெறுவதில் தாராளமும் அனுப்புவதில் கட்டுப்பாடும் வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தார். தாராளம் எல்லை மீறினால் பிழைகள் மூடி மறைக்கப்பட்டு வேரூன்றிவிடும் என்ற எதிர்க்கருத்தும் பின்னர் வலுப்பெற்றது. எதைப் பொறுப்பது, எதைப் பொறாதிருப்பது என்பதனை ஒவ்வொரு நிரலெழுதுவோர் தலையிலும் கட்டாமல் மொழியே தீர்மானித்திருப்பதுதான் பலெரீனாவின் சிறப்பு. அதற்கப்பால், தனித்தனி நிறுவனங்களின் சேவைகளுக்கான இணைப்பிகள் மொழியின் உடலுக்கு வெளியே, பதிப்பெண் இட்ட பொதிகளாகத் தனிக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ளன. சேவை மாறினால் பொதி மாறும், மொழி அசையாது. பொதியைப் பேணுவார் இல்லாத காலத்தில் அதுவும் கெடும்தான். கெட்டது எது என்பதாவது தெரியும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் பெரிய மொழியாக்குநர்கள் ஏன் மறைப்பையே விரும்புகின்றனர்? தொழினுட்பக் காரணம் எதுவுமில்லை. வணிகக் காரணமே உண்டு. 'ஒரே வரியில் உலக அறிவு' என்பது விற்கும். 'ஒரே வரியில் இன்னாரின் தரவு, அவர் சம்மதிக்கும் வரை' என்பது விற்காது. பிறர் உழைப்பால் திரண்ட தரவைத் தம் மொழியின் இயல்பான செழுமையாகக் காட்டி விலை நிர்ணயஞ் செய்வதும், அத்தரவு நின்றபோது 'அது மூன்றாந் தரப்பினரின் முடிவு' எனக் கைவிரிப்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். விளம்பரத்தில் உள்ளுறுப்பு, முறைப்பாட்டில் மூன்றாந் தரப்பு. இரண்டில் ஒன்றைத்தான் ஒருவர் சொல்லலாம். உள்ளுறுப்பு எனப் பெயரிட்டு விற்றவர், குறைந்தபட்சம் இத்தனை ஆண்டுகளுக்கு அதனைக் காப்பேன் என்று எழுத்தில் கூற வேண்டும். காக்க முடியாதபோது, தானே சேமித்து வைத்த கடைசித் தரவையாவது பழைய நிரல்களுக்கு வழங்க வேண்டும். இச்செலவை ஏற்க விரும்பாதவர் அச்சார்பை நீட்சிகளின் பக்கத்தில் வைக்கட்டும்.

சார்பு தரும் விடையின் வடிவமும் மாற வேண்டும். சனத்தொகை இவ்வளவு என்ற எண்ணை மட்டும் தருவது சந்தைக்கடைப் பேச்சு. எவரிடமிருந்து, எத்திகதியில், சேவையின் எப்பதிப்பிலிருந்து பெறப்பட்டது என்பனவும் அவ்வெண்ணோடு ஒட்டியே வர வேண்டும். நிரலெழுதுவோர் கேட்காமலே வர வேண்டும். கல்வெட்டு வாசகத்தை மேற்கோள் காட்டும் வரலாற்று மாணவர் தொகுதியையும் எண்ணையும் குறிக்காமல் விட்டால் ஆசிரியர் தாளைத் திருப்பி எறிவார். இணையத்திலிருந்து எடுத்த எண்ணுக்கு மட்டும் இந்த ஒழுக்கம் வேண்டாமெனக் கருதப்படுவதன் காரணம், எண்ணைத் தந்தது 'மொழி' என்று அவர் நம்ப வைக்கப்பட்டிருப்பதே. கலைப்பீடங்களிலும் விரிதாளும் நிரலும் இன்றி ஆய்வு நடைபெறாத காலம் இது. ஆய்வேடுகளுக்கான விதிகளில், வெளிச் சேவையால் பெற்ற தரவு பெற்ற நாளிலேயே கோப்பாகச் சேமிக்கப்பட்டு ஏட்டோடு ஒப்படைக்கப்பட வேண்டும் என ஒரு வரி சேர்ப்பதற்கு எந்த மொழியாக்குநரின் அனுமதியும் தேவையில்லை.

இறந்த சேவைகளின் சொற்களை என் செய்வது என்ற வினா எஞ்சுகின்றது. பல மொழியாக்குநர் அவற்றை அகராதியிலிருந்தே துடைத்துவிடுகின்றனர். நன்னூலார் பழைய சொற்கள் வழக்கொழிவதை இயல்பென ஏற்றார். ஆனால் வழக்கொழிந்த சொல்லின் பொருளை அழித்துவிடுமாறு எந்த இலக்கணகாரரும் கூறவில்லை. சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் தம் காலத்தில் எவரும் வழங்காத சொற்களுக்குப் பொருள் எழுதி வைத்தமையாலேயே பழைய செய்யுள்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. நின்றுபோன சார்பின் பக்கம் அகராதியில் இருக்க வேண்டும். அது எதனைக் கேட்டது, எவரிடம் கேட்டது, எத்திகதியில் நின்றது, அதே தரவை இப்பொழுது எங்கு தேடலாம் என்பன அங்கே எழுதப்பட வேண்டும். பிரீபேஸ் மூடப்பட்டபோது கூகிள் அதன் தரவு முழுவதையும் ஒரே கோப்பாக வெளியிட்டது. விக்கித்தரவுத் திட்டத்துக்கு அதிலிருந்து கொண்டு செல்லத்தக்கவற்றைக் கொண்டு செல்லவும் துணை செய்தது. மூலகங்களின் அணுவெண்களும் கண்டறிந்தோர் பெயர்களும் இன்று அங்கே கிடைக்கின்றன. 2012 இல் எழுதப்பட்ட அந்த எவ்-ஷார்ப் நிரலைத் தொகுப்பான் ஏற்காவிடினும், அது எதைக் கேட்டது என்பதை மனிதர் ஒருவர் வாசித்து அங்கே போய்த் தேடிக்கொள்ள இன்னும் வழியிருக்கின்றது.